வில்லியம் ஹிலாரி

சர் வில்லியம் ஹிலாரி (ஜனவரி 4, 1771 – ஜனவரி 5, 1847) ஓர் ஆங்கிலேயப் படை அலுவலரும், எழுத்தாளரும், பொதுநலப் பணியாளரும் ஆவார். கடலில் விபத்துக்குள்ளாகும் கப்பல்களில் இருந்து மனித உயிர்களைக் காப்பதற்கென நாடு தழுவிய தன்னார்வ அமைப்பு ஒன்றை 1824 ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். அந்த அமைப்பே பின்னாளில் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அமைப்பை உருவாக்கியதுடன் நில்லாமல், ஐம்பது வயதைக் கடந்த நிலையிலும் தாமே படகில் ஏறிப் புயற்கடலில் மீட்புப் பணிகளில் ஈடுபட்டார். இவர் பங்கேற்ற மீட்புகளில் 305 பேர் உயிர் பிழைத்ததாகக் கணக்கிடப்படுகிறது.

இளமைக் காலம்

ஹிலாரி இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியைச் சேர்ந்த குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குவேக்கர்கள் போரையும் ஆடம்பரத்தையும் ஏற்காத கிறித்தவப் பிரிவினர் ஆவர். எனினும் ஹிலாரியின் வாழ்க்கை அந்த எளிமையிலிருந்து விலகியே சென்றது. இளைஞராக இருந்தபோது இத்தாலிக்குச் சென்ற அவர், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன்களுள் ஒருவரான இளவரசர் அகஸ்டஸ் பிரெடரிக்கின் பணியாளர் குழுவில் இடம் பெற்றார். அக்காலத்தில் சிசிலி, மால்ட்டா ஆகிய தீவுகளின் கடற்பகுதியில் திறந்த படகில் பயணம் செய்துள்ளார். கடலுடன் அவருக்கு ஏற்பட்ட முதல் நெருக்கமான அறிமுகம் இதுவெனலாம்.

ஹிலாரியின் குடும்பத்துக்கு ஜமைக்காத் தீவில் கரும்புத் தோட்டம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் இயங்கிய தோட்டங்களின் வருமானம் அக்கால ஆங்கிலேயச் செல்வந்தர் பலரது வாழ்வுக்கு அடிப்படையாக இருந்தது. ஹிலாரியும் அதற்கு விலக்கானவர் அல்லர்.

படைப்பணியும் கடன் சுமையும்

1800 ஆம் ஆண்டில் எசெக்ஸ் பகுதியின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் எலிசபெத் டிஸ்னி பிட்ச் என்பவரை ஹிலாரி மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளுமாக இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர்.

1803 ஆம் ஆண்டில் பிரான்சுடன் மீண்டும் போர் மூண்டது. நெப்போலியனின் படைகள் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தின் மீது படையெடுக்கும் என்ற அச்சம் நாடெங்கும் நிலவியது. அப்போது ஹிலாரி தம் சொந்தச் செலவில் ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட காலாட்படையும் குதிரைப்படையும் அடங்கிய தன்னார்வப் படை ஒன்றைத் திரட்டினார். இது முதலாவது எசெக்ஸ் லீஜியன் எனப்பட்டது. இப்பணியைப் பாராட்டி 1805 ஆம் ஆண்டில் இவருக்கு பாரோனெட் என்னும் மரபுவழிப் பட்டம் வழங்கப்பட்டது. ஆனால் படைக்காகச் செய்த பெருஞ்செலவு அவரைக் கடனில் ஆழ்த்தியது. எதிர்பார்த்த படையெடுப்பும் நிகழவில்லை.

கடன் நெருக்கடியும் குடும்பப் பிணக்கும் சேர்ந்த நிலையில் 1808 ஆம் ஆண்டில் ஹிலாரி இங்கிலாந்தை விட்டு நீங்கி மாண் தீவில் குடியேறினார். இத்தீவு தனக்கெனத் தனிச் சட்டங்களைக் கொண்டிருந்ததால், இங்கிலாந்தில் கடன்பட்டவர்கள் பலர் அக்காலத்தில் அங்கு புகலிடம் தேடினர். முதல் மனைவியுடனான மணவாழ்வு முறிந்த பின், 1813 ஆம் ஆண்டில் மாண் தீவைச் சேர்ந்த எம்மா தோபின் என்பவரை மணந்தார். டக்ளஸ் நகரில் துறைமுகத்தை நோக்கிய போர்ட் ஆன் என்னும் மாளிகை இவர்களது இல்லமாயிற்று.

டக்ளஸ் விரிகுடா

மாண் தீவு பெரிய பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐரியக் கடலில் அமைந்துள்ளது. லிவர்ப்பூல் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்கள் பல இத்தீவின் அருகே செல்வது வழக்கம். தீவின் கிழக்குக் கரையிலுள்ள டக்ளஸ் விரிகுடா மேற்குக் காற்றிலிருந்து கப்பல்களுக்குப் பாதுகாப்பு அளித்தாலும், தென்கிழக்கிலிருந்து புயல் வீசும்போது பெரும் ஆபத்தான இடமாக மாறிவிடும்.

இங்கு ஓதத்தின் ஏற்றமும் இறக்கமும் மிக அதிகம். பெருக்கு நாட்களில் கடல்மட்டம் 6 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து தாழும். இராமேசுவரத்தைச் சூழ்ந்த பாக்கு நீரிணைப் பகுதியில் இவ்வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை என்பதுடன் ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். விரிகுடாவின் நடுவே, துறைமுக வாயிலுக்கு அருகில், கானிஸ்டர் பாறை அல்லது புனித மேரித் திட்டு எனப்படும் பாறைத் திட்டு உள்ளது. நீர் வற்றும்போது வெளியே தெரியும் இப்பாறைகள், நீர் பெருகும்போது பெரும்பகுதி மூழ்கிவிடும். இருளில் நங்கூரம் அறுந்து அலைக்கழியும் கப்பலுக்கு இவை கண்ணுக்குத் தெரியாத பொறியாக அமைந்தன. உடைந்த கப்பலிலிருந்து தப்பிப் பாறையில் ஏறியவர்களும், அடுத்த பெருக்கில் நீர் உயர்ந்து அடித்துச் செல்லப்படும் நிலையில் இருந்தனர்.

1822 ஆம் ஆண்டின் புயல்கள்

அக்டோபர் 6, 1822 அன்று வீசிய கடும் புயலில் விஜிலண்ட் என்னும் அரசுப் படகு டக்ளஸ் விரிகுடாவின் பாறைகளில் மோதியது. கரையில் திரண்டிருந்த மக்கள் செய்வதறியாது நிற்க, ஹிலாரி உள்ளூர் மீனவர்களையும் படகோட்டிகளையும் திரட்டிக்கொண்டு சாதாரணத் துடுப்புப் படகுகளில் சென்று மீட்புப் பணியில் ஈடுபட்டார். அப்போது அவருக்கு வயது 51. அவருக்கு நீந்தத் தெரியாது என்றும் கூறப்படுகிறது.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் ரேஸ்ஹார்ஸ் என்னும் அரச கடற்படைக் கப்பல் தீவின் தென்பகுதியில் லாங்னெஸ் முனைக்கு அருகே பாறைகளில் மோதி உடைந்தது. காசில்டவுன் ஊரைச் சேர்ந்தவர்கள் தாமாகவே படகில் சென்று மாலுமிகளில் பெரும்பாலானோரைக் கரை சேர்த்தனர். ஆனால் மீட்கச் சென்ற உள்ளூர் மனிதர்களிலும் சிலர் கடலில் மாண்டனர்.

இந்நிகழ்வு ஹிலாரியின் சிந்தனையில் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. பிறர் உயிரைக் காக்கச் செல்பவன் மாண்டால் அவனது மனைவி மக்களைக் காப்பது யார் என்னும் கேள்விக்கு அக்காலத்தில் விடை இல்லை. எனவே, மீட்புக்குச் செல்லும்படி ஏழை மீனவரை அழைப்பது அவரது குடும்பத்தையும் சேர்த்துப் பணயம் வைக்கச் சொல்வதாகவே இருந்தது. துணிவு மட்டும் போதாது, அதற்கு ஏற்ற படகும், பயிற்சியும், குடும்பத்துக்கு உறுதியான ஆதரவும் வேண்டும் என்ற முடிவுக்கு ஹிலாரி வந்தார்.

அதற்கு முந்தைய முயற்சிகள்

உயிர்காப்புப் படகு என்னும் கருத்து ஹிலாரிக்கு முன்பே இருந்தது. லயனல் லூகின் என்பவர் எளிதில் மூழ்காத படகு ஒன்றுக்கு 1785 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். டைன் ஆற்று முகத்துவாரத்தில் கரையில் நின்ற மக்களின் கண்ணெதிரே ஒரு கப்பலின் மாலுமிகள் மாண்டதைத் தொடர்ந்து, வில்லியம் வுட்ஹேவ், ஹென்றி கிரேட்ஹெட் ஆகியோரின் முயற்சியால் 1790 ஆம் ஆண்டளவில் ஒரிஜினல் என்னும் உயிர்காப்புப் படகு பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் பல துறைமுகங்கள் இத்தகைய படகுகளை வாங்கின. ஆயினும் இவை அந்தந்த ஊரின் ஆர்வத்தைப் பொறுத்தே இயங்கின. ஆர்வம் குன்றிய இடங்களில் படகுகள் கொட்டகைகளில் கிடந்து உளுத்துப் போயின. கடற்கரை முழுவதையும் ஒரே ஏற்பாட்டின் கீழ் கொண்டுவரும் அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

வேண்டுகோளும் நிறுவனத்தின் தோற்றமும்

பெப்ரவரி 28, 1823 நாளிட்ட சிறுநூல் ஒன்றை ஹிலாரி எழுதி வெளியிட்டார். கப்பற்சேதத்திலிருந்து உயிர்களையும் உடைமைகளையும் காக்கத் தேசிய நிறுவனம் ஒன்றை அமைக்குமாறு பிரித்தானிய மக்களை நோக்கி விடுக்கப்பட்ட வேண்டுகோள் அது. அதில் அவர் முன்வைத்த திட்டத்தின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

• ஆபத்தான கடற்கரைகள் அனைத்திலும் உயிர்காப்புப் படகுகளை நிறுத்துதல். அவற்றைச் செலுத்தத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்தல்.
• உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காப்போருக்குப் பரிசும் பதக்கமும் அளித்தல்.
• மீட்புப் பணியில் இறப்போரின் மனைவி மக்களுக்கு உதவித்தொகை வழங்குதல்.
• எந்த நாட்டவர் என்று பாராமல், போர்க்காலமாயினும் அமைதிக்காலமாயினும், ஆபத்திலுள்ள அனைவருக்கும் உதவுதல்.

நெப்போலியப் போர்கள் முடிந்து பத்து ஆண்டுகள்கூட நிறைவுறாத அந்நாளில் கடைசிக் கூறு துணிவான ஒன்றாகும். இருபது ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரரை எதிர்க்கப் படை திரட்டியவரே, கடலில் தத்தளிக்கும் பகைவரையும் காக்க வேண்டும் என எழுதினார்.

கடற்படைத் தலைமையகத்திலிருந்து அவருக்கு எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. அரசு முன்வராததால், லண்டன் நகரின் வணிகர்களையும் கொடையாளர்களையும் நாடினார். நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் வில்சன், மேற்கிந்தியத் தீவு வணிகர் ஜார்ஜ் ஹிபர்ட் ஆகியோர் துணை நின்றனர். மார்ச் 4, 1824 அன்று லண்டன் பிஷப்ஸ்கேட் பகுதியிலுள்ள விடுதி ஒன்றில் பொதுக்கூட்டம் நடைபெற்றது. கேன்டர்பரி பேராயர் சார்லஸ் மேனர்ஸ் சட்டன் தலைமை வகித்தார். அடிமை வணிக ஒழிப்புக்குப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போர்சும் கலந்துகொண்டார். ஹிபர்ட்டோ அடிமை முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். மற்ற எல்லாவற்றிலும் எதிரெதிராக நின்றவர்கள் இந்த ஒரு நோக்கத்தில் ஒன்று சேர்ந்தனர்.

இவ்வாறு, கப்பற்சேதத்திலிருந்து உயிர் காக்கும் தேசிய நிறுவனம் தோன்றியது. மன்னர் நான்காம் ஜார்ஜ் அதன் புரவலரானார். தலைமை அமைச்சர் லிவர்ப்பூல் பிரபு அதன் தலைவரானார். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 10,000 பவுண்டு நன்கொடை திரண்டது. நிறுவனர் என்ற முறையில் ஹிலாரிக்கு நிறுவனத்தின் தங்கப் பதக்கம் அளிக்கப்பட்டது.

மீட்புப் பணிகள்

டக்ளஸ் நகருக்கு நிறுவனத்தின் உயிர்காப்புப் படகு வந்து சேர்ந்தது. அதன்பின் காசில்டவுன், பீல், ராம்சி ஆகிய ஊர்களிலும் நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டு, 1829 ஆம் ஆண்டுக்குள் தீவின் நாற்புறமும் படகுகள் நிறுத்தப்பட்டன. ஹிலாரி மீட்புக்குப் பிறரை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்பவராக இருக்கவில்லை.

1825 ஆம் ஆண்டில் சிட்டி ஆப் கிளாஸ்கோ என்னும் நீராவிக் கப்பல் டக்ளஸ் விரிகுடாவில் தரைதட்டியபோது 62 பேரைக் காப்பாற்றுவதில் பங்கேற்றார். அதே ஆண்டில் லெப்பர்ட் என்னும் கப்பலிலிருந்து 11 பேரும், பேன்சி என்னும் கப்பலிலிருந்து 9 பேரும் மீட்கப்பட்டனர். டிசம்பர் 1827 இல் பார்ட்ரோயிண்டெட் என்னும் சுவீடன் நாட்டுக் கப்பலின் மாலுமிகளைக் காத்தார். எந்த நாட்டவர் எனப் பாராமல் உதவுதல் என்னும் கொள்கை அவ்வாறு அவரது சொந்த ஊரிலேயே நடைமுறைக்கு வந்தது.

செயின்ட் ஜார்ஜ் கப்பல் மீட்பு

ஹிலாரியின் வாழ்வில் மிகவும் புகழ்பெற்ற மீட்பு நவம்பர் 20, 1830 அன்று நிகழ்ந்தது. செயின்ட் ஜார்ஜ் என்னும் நீராவி அஞ்சற் கப்பல் டக்ளஸ் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்தது. தென்கிழக்கிலிருந்து வீசிய புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து, விடியுமுன் கானிஸ்டர் பாறையில் மோதியது. கப்பலில் 22 பேர் இருந்தனர். முன் பாய்மரத்தை வெட்டித் தெப்பம் அமைக்க அவர்கள் முயன்றும் பயனில்லை.

ஹிலாரியும், கடற்படை அலுவலர் ராபின்சன், வில்லியம் கார்லெட், சுக்கான் பிடிப்பவரான ஐசக் வாண்டி ஆகியோரும் தன்னார்வலர் சிலரும் உயிர்காப்புப் படகில் புறப்பட்டனர். கப்பலுக்குக் காற்று வரும் திசையில் நங்கூரம் இட்டு, வடத்தைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்து, படகைப் பின்னோக்கி நகர்த்திக் கப்பலை நெருங்குவது அவர்களது திட்டம். கப்பலுக்கும் பாறைக்கும் இடைப்பட்ட குறுகிய நீர்ப்பரப்பினுள் படகு சென்றபோது பேரலைகள் தாக்கின. சுக்கான் நொறுங்கியது, துடுப்புகளில் பெரும்பாலானவை உடைந்தோ தொலைந்தோ போயின. ஹிலாரியும் கார்லெட்டும் வேறு இருவரும் கடலில் தூக்கி எறியப்பட்டனர். விலா எலும்புகள் முறிந்த நிலையில் ஹிலாரி மீண்டும் படகுக்குள் இழுக்கப்பட்டார்.

கப்பலிலிருந்த 22 பேரும் படகுக்கு மாற்றப்பட்டனர். ஆனால் திரும்பும் வழி அடைபட்டிருந்தது. ஒருபுறம் பாறை, மறுபுறம் சாய்ந்து கிடந்த பாய்மரமும் கயிறுகளும். நிரம்பி வழிந்த படகில் இருந்தபடியே, கைக்குக் கிடைத்த கருவிகளைக் கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அக்கயிறுகளை அறுத்து வழி உண்டாக்கினர். இறுதியில் அலைகளே படகைப் பாறைகளின் இடுக்கு வழியாகத் தள்ளி வெளியேற்றின. கரையிலிருந்து வந்த படகுகள் அவர்களுக்கு உதவின. மீட்கப்பட்டோரிலும் மீட்கச் சென்றோரிலும் ஓர் உயிர்கூட இழக்கப்படவில்லை. ஹிலாரிக்கும் ராபின்சனுக்கும் தங்கப் பதக்கமும், கார்லெட்டுக்கும் வாண்டிக்கும் வெள்ளிப் பதக்கமும் வழங்கப்பட்டன.

இதன் பின்னரும் ஹிலாரி கடலுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 1832 ஆம் ஆண்டில் பார்க்பீல்ட் என்னும் கப்பலிலிருந்து 54 பேர் மீட்கப்பட்டதிலும் அவர் பங்கேற்றார்.

புகலிடக் கோபுரம்

படகு வந்து சேரும் வரையில் பாறையில் ஒதுங்குவோர் உயிருடன் இருந்தால்தான் மீட்பு பயன்தரும். கானிஸ்டர் பாறையிலோ நீர் பெருகும்போது ஒதுங்க இடமில்லை. எனவே பாறையின் மீது உயரமான கோபுரம் ஒன்றைக் கட்ட ஹிலாரி முடிவு செய்தார். பாறையின் உரிமையாளர் அதை இப்பணிக்கு அளித்தார். கட்டடக் கலைஞர் ஜான் வெல்ச் சிறு கோட்டை வடிவில் இதனை வரைந்தார். ஏப்ரல் 23, 1832 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பொதுமக்களின் நன்கொடை போதாமற்போக, எஞ்சிய செலவை ஹிலாரி ஏற்றார். கரை சேர முடியாமல் அங்கு ஒதுங்குவோருக்காக ரொட்டியும் நன்னீரும், உதவி கோரி அடிப்பதற்கு ஒரு மணியும் அங்கு வைக்கப்பட்டன. 1833 ஆம் ஆண்டில் தீவுக்கு வந்த ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் இக்கோபுரத்தைக் குறித்துப் பாடியுள்ளார். இக்கோபுரம் இன்றும் டக்ளஸ் விரிகுடாவின் அடையாளமாக விளங்குகிறது.

பிற கருத்துகள்

புயற்காலத்தில் துடுப்புப் படகுகளின் ஆற்றல் போதாது என்பதால் நீராவியால் இயங்கும் மீட்புக் கலங்களைப் பயன்படுத்தலாம் என ஹிலாரி தொடக்கத்திலேயே பரிந்துரைத்தார். நீராவி உயிர்காப்புப் படகு 1890 ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. டக்ளஸ் விரிகுடாவில் அலைதடுப்புச் சுவர் எழுப்பிப் பாதுகாப்பான துறைமுகம் அமைக்க வேண்டும் என்றும் பலமுறை வலியுறுத்தினார். அவரது எல்லாக் கருத்துகளும் இவ்வாறு காலத்துக்கு முந்தியவை அல்ல. புனித ஜான் வீரர் அமைப்பில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், புனித பூமியைக் கிறித்தவர்கள் மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என்று 1840களில் எழுதியதை நடைமுறைக்கு ஒவ்வாத கனவாகவே கருத வேண்டும்.

இறுதிக் காலம்

பணத்தைப் பேணுவதில் ஹிலாரி வாழ்நாள் முழுவதும் வெற்றி பெறவில்லை. 1843 ஆம் ஆண்டில் மாண் தீவின் கூட்டுப் பங்கு வங்கி வீழ்ச்சியுற்றபோது அவரது எஞ்சிய செல்வமும் பறிபோனது. போர்ட் ஆன் மாளிகையை விட்டு நீங்க நேர்ந்தது. 1845 ஆம் ஆண்டில் மனைவி எம்மா காலமானார். ஜனவரி 5, 1847 அன்று, தமது 76 ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், டக்ளஸ் நகரில் ஹிலாரி மறைந்தார். அங்குள்ள புனித ஜார்ஜ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த காலத்தில் அவர் தொடங்கிய நிறுவனமும் நலிந்தே இருந்தது. நன்கொடை குறைந்தது, படகுகள் பல பழுதடைந்தன. டக்ளஸ் நிலையமே செயலிழந்து, 1868 ஆம் ஆண்டில்தான் மீண்டும் படகு பெற்றது. 1850களில் நார்தம்பர்லாந்து கோமகனின் தலைமையில் நிறுவனம் சீரமைக்கப்பட்டு, 1854 ஆம் ஆண்டில் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

தாக்கமும் நினைவும்

2024 ஆம் ஆண்டில் நிறுவனம் தனது இருநூறாம் ஆண்டை நிறைவு செய்தது. அதுவரை அதனால் காக்கப்பட்ட உயிர்கள் 146,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஐக்கிய இராச்சியம், அயர்லாந்துக் குடியரசு, மாண் தீவு, கால்வாய்த் தீவுகள் ஆகியவற்றின் கரைகளில் செயற்படும் இந்நிறுவனத்தின் படகுக் குழுவினரில் பெரும்பாலானோர் இன்றும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே. ஐரியக் கடலின் மறுகரையிலுள்ள மோர்க்கம் விரிகுடாவில் நீர் வற்றும்போது பரந்த மணல்வெளி தோன்றும். பெருக்கு மிக விரைவில் அதனைச் சூழ்ந்துவிடும். சாதாரணப் படகு செல்ல இயலாத இச்சேற்று நிலத்துக்காக 2002 முதல் அங்கு காற்றுமெத்தை ஊர்தி நிறுத்தப்பட்டுள்ளது. பெப்ரவரி 5, 2004 அன்று இரவு அங்கே சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்கள் 20-க்கும் மேற்பட்டோர் பெருக்கில் சிக்கி இறந்தது, இத்தகைய கடற்பகுதிகளின் ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்பதைக் காட்டியது.

தமிழகக் கடற்கரையிலும் இதனை ஒத்த மரபு உண்டு. துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகள் அலைகளில் கவிழும்போது கட்டுமரக்காரர்களே பயணிகளைக் காத்தனர். இதற்காக அவர்களுட் சிலருக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. டிசம்பர் 1964 இல் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோதும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போதும், 2015 ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போதும், 2018 ஆம் ஆண்டு கேரள வெள்ளத்தின்போதும் மீனவர்கள் தம் படகுகளுடன் மீட்புக்கு விரைந்தனர். அவ்வாறு செல்வோரின் படகுக்கும் குடும்பத்துக்கும் யார் பொறுப்பு என்பது 1823 ஆம் ஆண்டில் ஹிலாரி எழுப்பிய கேள்வியே ஆகும்.

டக்ளஸ் முனையில் விரிகுடாவை நோக்கியவாறு ஹிலாரியின் சிலை அமைக்கப்பட்டுள்ளது. 1930 ஆம் ஆண்டில் டோவர் துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட விரைவு உயிர்காப்புப் படகுக்கும், 1988 ஆம் ஆண்டில் டக்ளஸ் நிலையத்துக்கு வந்த படகுக்கும் அவரது பெயர் இடப்பட்டது.